சிதம்பரம் பிள்ளையும் ஆங்கில பாஷையும்

உலகத்தோடு வர்த்தகம் செய்ய விரும்பும் தமிழன் எவ்வளவு ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும்? குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூடும் கனவான்களிடையேயும், தென்காசிக் கடைத்தெருவில் பிள்ளைகளின் உத்தியோகத்தைப் பற்றிக் கவலையுறும் தகப்பன்மார்களிடையேயும் இந்தக் கேள்வி ஓயாமல் எழுகின்றது. தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறையில் 2011-ம் ஆண்டு முதல் ஸோகோ என்னும் மென்பொருள் கம்பெனியின் காரியாலயம் நடைபெறுகின்றது. அங்கே செய்யப்படும் சரக்கை வாங்குவோர் உலகெங்கும் இருக்கின்றனர். ஜப்பானியரின் ராகுடென் கம்பெனியோ தன் சொந்த தேசத்திலேயே காரியாலய பாஷை ஆங்கிலமாகவே இருக்கவேண்டும் என்று 2010-ல் அறிவித்தது. காலம் இவ்வாறிருக்க, வேலையில் எவ்வளவு சமர்த்தனாயினும் நாவில் ஆங்கிலம் தடுமாறினால் அவனை இரண்டாம்பட்சமாக மதிக்கும் வழக்கம் நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. இதை நாம் நியாயமென்று கருதவில்லை. நம்முடைய பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே, வெள்ளையர் கம்பெனியை அவர்களுடைய தொழிலிலேயே எதிர்த்து நின்ற ஒருவர் இருந்தார். ஆங்கிலம் அவருக்கு வீட்டுப் பாஷையுமன்று. கலாசாலைப் பட்டத்தோடு வந்த பாஷையுமன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தை இந்த நோக்கோடு ஒருமுறை பார்ப்பது பயன் தரும்.

பிள்ளையவர்கள் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி ஓட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தகப்பனார் வக்கீல். ஜில்லாவின் மேற்கே மலையும் அருவியும் நெல்வயலும். ஓட்டப்பிடாரம் இருப்பதோ கிழக்கே, வானம் பார்த்த கரிசற் பூமியில். அவர் முதலிற் கற்றது தமிழ். கற்பித்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. பாட்டனார் வாயிலாக இராமாயணக் கதையும், பாட்டியார் வாயிலாகச் சிவபுராணக் கதைகளும் கேட்டு வளர்ந்த பிறகே ஆங்கில எழுத்து அவர் கண்ணிற் பட்டது. தாலுகா உத்தியோகஸ்தர் கிருஷ்ணன் என்பவர் மாலை வேளைகளில் அதைச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் தூத்துக்குடியில் கால்டுவெல் பள்ளிக்கூடத்திலும், திருநெல்வேலியில் இந்துக் கலாசாலையைச் சேர்ந்த பள்ளிக்கூடத்திலும் படித்தார். சில காலம் தாலுகா காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அதன்பின் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1894-ல் பிளீடர் பரீட்சையிற் தேறி, அடுத்த ஆண்டில் ஓட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். பி. ஏ. பட்டமோ பி. எல். பட்டமோ அவருக்கு இல்லை.

கால்டுவெல் என்ற பெயர் இங்கே குறுக்கிட்டதால் ஒன்று சொல்லிச் செல்கிறோம். அந்தப் பாதிரியார் 1838-ல் இந்நாட்டிற்கு வந்து, இடையன்குடியில் தங்கி, தமிழைக் கற்றுத் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டார். மதம் பரப்ப வந்தவர் ஜனங்களின் பாஷையைக் கற்றே தீரவேண்டியிருந்தது. வியாபாரம் செய்ய வந்தவருக்கோ அந்த அவசியமே ஏற்படவில்லை. அவருக்காக ஆங்கிலம் பேசக்கூடிய நம்மவர் ஒருவர் எப்பொழுதும் கைகட்டி நின்றார். அவருக்குத் துபாஷி என்று பெயர். இரண்டு பாஷை அறிந்தவர் என்பதே பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையும், சென்னையில் பெயர்பெற்ற பச்சையப்ப முதலியாரும் இந்த வகுப்பினர். செல்வமும் செல்வாக்கும் அவர்களிடம் குறைவின்றி இருந்தன. ஆயினும் பேச்சு அவர்களுடையது, வியாபாரம் துரையினுடையது. அந்நிய பாஷை அறிந்த தமிழ் வியாபாரி என்றால், நூற்றைம்பது ஆண்டுக் காலம், அந்நியனுடைய பேரத்தை நடத்திக் கொடுப்பவன் என்றே பெரும்பாலும் பொருள்பட்டது. பிள்ளையவர்கள் இந்த முறையைத் தலைகீழாக்கினார். அவர் பேரம் பேசியது தம்முடைய ஜனங்களின் கம்பெனிக்காக.

அந்த ஆங்கிலத்தை அவர் பதப்படுத்திக்கொண்ட இடம் நியாயஸ்தலம். கீழ்க் கோர்ட்டுகளில் வக்கீல் தொழில் எத்தகையது என்பதை அந்தத் தொழிலில் இருப்போர் அறிவர். கட்சிக்காரன் தமிழில் அழுவான். சாக்ஷி தமிழில் மழுப்புவான். சட்டப் புத்தகமும் மேல்கோர்ட்டுத் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். காலை முதல் மாலை வரை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிக்கொண்டே இருக்கவேண்டும். அங்கே உச்சரிப்பின் நயத்தைக் கேட்டு ரசிப்பார் இல்லை. ஒரு சொல்லின் எல்லை எது, அது எதைக் கட்டுப்படுத்தும், எதை விட்டுவிடும் என்பதே கேள்வி. ஒப்பந்தம் எழுதுகிறவனுக்கும் கப்பல் வாங்குகிறவனுக்கும் வேண்டிய ஆங்கிலம் இதுவேயன்றி, விருந்துகளிற் பேசும் ஆங்கிலமன்று என்பது நம் அபிப்பிராயம். ஏழைகளுக்காகக் கிரிமினல் வழக்குகளைக் கூலி வாங்காமல் நடத்தியவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. 1900-ல் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பற் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஹார்வி சகோதரர்களின் கம்பெனியார். பாபநாசத்தில் தாமிரவருணி நீரைக்கொண்டு ஆலை நடத்தியவர்களும் தூத்துக்குடிக் கோரல் ஆலையின் சொந்தக்காரர்களும் அவர்களே. 1905-ல் வங்காளப் பிரிவினையை ஒட்டிப் பிறந்த சுதேசி உணர்ச்சி தென்கோடிக்கு எட்டியபொழுது, பிள்ளையவர்களின் கண் துணியின் மேலும் வளையலின் மேலும் மட்டும் செல்லவில்லை; கடலின் மேற் சென்றது. முதலில் ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடமிருந்து கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினார்கள். ஆங்கிலக் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் அந்த ஏற்பாடு முறிந்தது. உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார்கள். பிறர் கப்பலை நம்பினால் இதுவே கதியென்பது விளங்கிற்று.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனிச் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது, போட்டியாளர் ஆங்கிலேயர், கப்பல் விற்போர் பிரெஞ்சுக்காரரும் பிறரும். ஆதலால் கம்பெனியின் வெளிமுகம் ஆங்கிலமாகவே இருக்க நேர்ந்தது. உள்முகம் அவ்வாறன்று. தலைவராக அமர்ந்தவர் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்குகளுக்காக 2 லட்சம் ரூபாய் கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். பங்கு வாங்கியோரில் பெருந்தொகையினர் தமிழிற் கணக்கெழுதி, தமிழில் யோசித்த வியாபாரிகள். வட்டிக்கு விட்டால் நிச்சயமாக வளரும் பணத்தை, கண்ணிற் காணாத கப்பலில் போடும்படி அவர்களை இசையச் செய்வது எளிதான காரியமா? கடன்பத்திரம், லாபப் பங்கு, நஷ்ட பயம் ஆகிய எல்லாவற்றையும் அவர்களுடைய பேச்சிலேயே விளக்க வேண்டும். சென்னையிலும் பிற பட்டணங்களிலும் ஆங்கிலத்தில் அருவிபோற் பேசவல்ல வக்கீல்கள் அன்று பலர் இருந்தனர். அவர்களில் ஒருவரும் ஒரு கப்பல் வாங்கியதாக நாம் அறியோம்.

கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் வேண்டுமென்று பிள்ளையவர்களே பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்ற சபதத்தோடு அவர் சென்றார் என்பது தமிழ்நாடு முழுதும் அறிந்த செய்தி. அவருடைய ஆங்கிலத்தை அளக்க விரும்புகிறவர்கள் அந்தப் பம்பாய் யாத்திரையைக் கொண்டு அளக்கட்டும். குஜராத்தியும் மராத்தியும் வழங்கும் ஊரில் ஓட்டப்பிடாரத்துக்காரருக்குத் தமிழ் உதவாது. விலை, தவணை, இன்ஷூரன்ஸ், கப்பலின் வயது, இயந்திரத்தின் நிலை என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தைக் கொண்டுதான் தீர்க்கவேண்டும். பேசுகிறவனுக்கும் அது கற்ற பாஷை, கேட்கிறவனுக்கும் அது கற்ற பாஷை. உலகத்து வியாபாரத்தில் இன்றும் நடக்கும் ஆங்கிலப் பேச்சில் மிகுதியானது இந்த ஜாதியைச் சேர்ந்ததே. 1907-ல் காலியா என்ற கப்பலும், பிரான்ஸிலிருந்து வாங்கிய லாவோ என்ற கப்பலும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பிரயாணம் செய்ய இடமிருந்தது. 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

பின்னர் நடந்த கட்டணப் போர் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. ஆங்கிலக் கம்பெனி கட்டணமே வேண்டாம் என்று சொல்லி, ஏறினவருக்குக் குடையும் கொடுத்தது. இது புதிய தந்திரமன்று. 1893-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து கப்பல் விட்டபொழுது, பி. அண்டு ஓ. கம்பெனி சரக்குக் கூலியைத் தாழ்த்தியே அந்த முயற்சியை மடக்கியது. முதல் பெருத்தவன் நஷ்டத்தைப் பொறுப்பான்; சிறியவன் பொறுக்கமாட்டான். பிள்ளையவர்களை விலைக்கு வாங்கிவிடவும் முயன்றார்கள், பலிக்கவில்லை.

1908 பிப்ரவரி 27-ம் தேதி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி சொற்பம், வேலை நேரம் மிகுதி, வார ஓய்வு இல்லை. பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஆலை நிர்வாகிகள் இறங்கி வந்து, பிள்ளையவர்களோடும் தொழிலாளர் ஐம்பதின்மரோடும் பேசிக் கூலியை உயர்த்தவும், நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுக்கவும் உடன்பட்டனர். அந்த அறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் ஆங்கிலம் மட்டும் செல்லும் நிர்வாகம். மறுபுறம் தமிழ் மட்டும் அறிந்த கூலிக்காரர். இரண்டும் அறிந்தவர் நடுவிலே. பழைய துபாஷியும் அந்த இடத்தில்தான் நின்றிருப்பான். ஆனால் துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருப்பான்.

அதிகாரிகள் இதைப் பொறுக்கவில்லை. மார்ச்சு 12-ம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் விஞ்சு துரையைச் சந்தித்த பிள்ளையவர்கள், ஜில்லாவை விட்டு வெளியேற மறுத்துக் கைதியானார். இந்தச் சந்திப்பைப் பாரதியார் பின்னர்ப் பாட்டுக்களாக்கினார். அவற்றில் கலெக்டர் துரையும் சுத்தமான தமிழிலேயே பேசுகிறார். மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஜனங்கள் கொதித்தெழுந்தனர். திருநெல்வேலியில் துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர்.

வழக்கில்தான் பாஷை தன் கொடுமையைக் காட்டிற்று. பிள்ளையவர்கள் மீது சாட்டிய குற்றம் ராஜத்துவேஷம். அதற்கு ஆதாரம் அவர் மேடைகளிற் பேசிய பேச்சு, பேசியது தமிழில். அதைக் கேட்டுக் குறித்தவர் போலீஸார். விசாரித்துத் தீர்ப்பெழுதியவர் ஸெஷன்ஸ் நீதிபதி பின்ஹே, ஆங்கிலத்தில். தமிழ்ப் பேச்சு குறிப்பாகி, குறிப்பு ஆங்கிலமாகி, ஆங்கிலம் 124-ஏ பிரிவின் சொற்களோடு ஒப்பிடப்படுகிறது. துவேஷம், வெறுப்பு, அதிருப்தி, அன்பின்மை ஆகிய இவை தமிழனுக்கு நான்கு வெவ்வேறு உணர்ச்சிகள். அந்தப் பிரிவிலோ எல்லாம் ஒரே வலையில் விழும். தம் ஆங்கிலத்திற்குத் தாமே பொறுப்பாளியாக இருக்கும்வரை பிள்ளையவர்கள் எவருக்கும் இளைக்கவில்லை. அவருடைய தமிழைப் பிறர் ஆங்கிலமாக்கிய அன்று, தம் சொல்லின் மேல் அவருக்கே உரிமை இல்லாமற் போயிற்று. மறுக்கலாம், வாதாடலாம், ஆனால் நீதிபதியின் முன்னிருந்த காகிதம் போலீஸாருடையது. 1908 ஜூலை 7-ம் தேதி வெளிவந்த தீர்ப்பு, ராஜத்துவேஷத்திற்காக ஒரு ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக மற்றொரு ஆயுள் தண்டனையும் விதித்தது. ஹைகோர்ட்டு பின்னர் அதை ஆறாண்டாகக் குறைத்தது.

கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் பட்ட துன்பங்களை இங்கே விரிக்கவில்லை. மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார் என்ற ஒன்றே போதும். தலைவர் சிறையிலிருக்க, கம்பெனி தள்ளாடி 1911-ல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17-ம் தேதி, தென்காசிக்கு அடுத்த செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தானும் மாய்ந்தார். தூத்துக்குடியில் ஸப்கலெக்டராயிருந்து சுதேசிக் கம்பெனிக்கு இடையூறு செய்தவர் ஆஷ் என்பது அக்காலத்தவரின் குற்றச்சாட்டு.

நாம் கவனிக்க வேண்டியது, சிறையில் அந்த ஆங்கிலத்தை அவர் என்ன செய்தார் என்பது. பேரம் இல்லை, கோர்ட்டு இல்லை, கப்பல் இல்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களை எடுத்துத் தமிழாக்கினார். ஆஸ் எ மேன் திங்கெத் என்ற நூல் மனம்போல வாழ்வு ஆயிற்று. அவுட் ஃப்ரம் தி ஹார்ட் என்பது அகமே புறம் ஆயிற்று. இந்தத் தலைப்புக்களைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடி ஒட்டவைத்த வேலை எங்கேயாவது தென்படுகிறதா? முதல் நூலின் பெயரைக் கேட்டால் நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி போலிருக்கிறது. இரண்டு பாஷையும் தெரியும் என்போர் பலர். ஒன்றில் உள்ள கருத்தை மற்றொன்றில் பிறக்கச் செய்யத் தெரிந்தோர் சிலர். பிற்காலத்தில் குற்றாலத்தில் தங்கி வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் ஆங்கிலம் கற்ற வக்கீலே. உணர்ச்சியும் கல்வியும் தாய்ப் பாஷையிலேயே ஓடவேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். பிள்ளையவர்கள் அதைச் சிறைக்குள் செய்து காட்டினார் எனலாம்.

1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றபொழுது, கப்பல் வந்த நாளில் கூடிய ஜனக்கூட்டம் இல்லை. வக்கீல் ஸன்னது போய்விட்டது. சென்னையில் அரிசியும் எண்ணெயும் விற்றுக் குடும்பத்தை நடத்த முயன்றார், வறுமை விடவில்லை. அந்த வறுமையினிடையே திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு 1917-ல் பதிப்பித்தார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையிலும் உழைத்தார். பம்பாயில் கப்பலுக்கு விலை பேசியவரும், ஏட்டில் பாடபேதம் பார்த்தவரும் ஒருவரே. வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் ஸன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயன் பெயர் தமிழ்க் காதுக்குச் சிவபெருமான் பெயர் போல் ஒலிக்கும்படி ஆயிற்று! பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தி, மீண்டும் தூத்துக்குடி சென்று, 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ம் தேதி அங்கே காங்கிரஸ் காரியாலயத்தில் உயிர் நீத்தார்.

குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாகித் தாமிரவருணியிற் கலந்து, புன்னைக்காயல் அருகே கடலைச் சேர்கின்றது. அந்தக் கரைக்குச் சற்று வடக்கேயுள்ள தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011-ல் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. இன்று அங்கே வரும் மாலுமிகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்ப் பாஷையன்று. அவர்கள் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு விபத்து நேராதபடி, சர்வதேசக் கடல் ஸ்தாபனம் 2001-ல் கப்பற் பேச்சுக்கென்று திட்டமான ஆங்கில வாக்கியங்களை வகுத்து வெளியிட்டது. அவற்றில் அலங்காரம் கிடையாது. ஒரு வாக்கியத்திற்கு ஒரே பொருள். கப்பலைத் துறைக்குள் கொண்டுவரும் வேலை அவற்றைக்கொண்டே நடக்கிறது.